நடப்பவர்கள் பட்டியல்

அந்த ஆண்டு சென்னையிலேயே அதிக தூரம் நடந்தவர் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் அமுலு என்று நகரப் பேருந்துகளை இயக்கும் 'திசை' செயலி சொன்னது. நாளொன்றுக்கு இருபத்தொரு கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள். அவருக்கு அடுத்த இருபத்தெட்டுப் பெயர்களும் அதே குடியிருப்பைச் சேர்ந்தவை. நகரத்தின் மிக ஆரோக்கியமான பகுதி என்று பெரும்பாக்கத்துக்கு ஒரு விருதும், அமுலுவுக்குத் தனியாக ஒரு விருதும் கொடுப்பதாக முடிவானது. விழாவில் காட்ட ஐந்து நிமிடப் படம் ஒன்று வேண்டும். அதை எடுத்துவர மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து நஸ்ரினை அனுப்பினார்கள்.

நஸ்ரினுக்கு முப்பத்து மூன்று வயது. திசை நிறுவனத்தில் சேர்ந்து ஆறு வருடம். பேருந்துகளுக்கு எண்ணும் நிறுத்தமும் இருந்த காலத்தில் அவள் கல்லூரி மாணவி. வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று, வந்த பேருந்தில் ஏற இடமில்லாமல் அழுதிருக்கிறாள். திசை வந்தபின் அதெல்லாம் போயிற்று. போக வேண்டிய இடத்தைப் போனில் சொன்னால் போதும். எந்த முனையில் நிற்க வேண்டும், எந்தப் பேருந்து, எங்கே மெட்ரோவுக்கு மாற வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அது கோத்துக் கொடுத்துவிடும். ஒரு கோடிப் பேர் இருக்கும் நகரத்தில் சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடம் நாற்பது நொடி. ஒவ்வொரு மெட்ரோ நிலையத்திலும் அந்த எண்ணைப் பெரிய பலகையில் ஓடவிட்டிருந்தார்கள். நஸ்ரினுக்கு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் பெரும்பாக்கத்தில் இறங்கினாள். குடியிருப்பின் வாசலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், காலில் ரப்பர் செருப்பு. உடற்பயிற்சிக்குக் கிளம்பியவர்களைப் போல அவர்கள் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

"அமுலுங்கிறது?"

"நான்தான். நீங்க ஆபீஸ்லேர்ந்து வரீங்களா? நடந்துக்கினே பேசலாம் மேடம். நின்னா லேட்டாயிடும்."

அமுலுவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. வேளச்சேரியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. ஏழரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும்.

நஸ்ரின் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "நடக்கறதுல இவ்வளவு ஆர்வம் எப்படிக்கா வந்தது?"

அமுலு திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று பார்ப்பது போலிருந்தது.

"ஆர்வமா? பஸ்ஸு வரமாட்டேங்குது மேடம். ஒன்றரை வருஷமாச்சு."

"வராம எப்படிக்கா? கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

அமுலு நின்றார். போனை எடுத்து வேளச்சேரி என்று சொன்னார். திரையில் பதில் வந்தது: *நாற்பத்தேழு நிமிடம். காத்திருக்கிறீர்களா?*

"நாப்பத்தேழு நிமிஷம் நின்னா மறுபடியும் நாப்பதுன்னு வரும். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு. மூணு நாள் அப்பிடி நின்னு மூணு நாளும் லேட்டாப் போயி திட்டு வாங்கினேன். நாலாவது நாள் ரத்து பண்ணிட்டு நடந்தேன். அன்னிலேர்ந்து நடைதான்."

நஸ்ரின் தன் போனை எடுத்தாள். அதே முனை, அதே வேளச்சேரி. *நான்கு நிமிடம்.*

இருவரும் ஒருவர் போனை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

சொன்னபடி நான்காவது நிமிடம் பேருந்து வந்தது. உள்ளே ஆறேழு பேர்தான் இருந்தார்கள். கதவு திறந்தது. நஸ்ரின் அமுலுவின் கையைப் பிடித்து இழுத்தாள். அமுலு படியில் கால் வைத்ததும் குரல் ஒலித்தது: *இந்தப் பயணிக்கு அழைப்பு இல்லை. தயவுசெய்து இறங்கவும்.* மென்மையான பெண் குரல். அமுலு இறங்கும்வரை அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க போங்க மேடம்," என்றார் அமுலு. அவர் குரலில் கோபம் இல்லை. நஸ்ரினை உறுத்தியது அதுதான்.

அவள் இறங்கிக்கொண்டாள். பேருந்து காலி இருக்கைகளோடு போனது.

மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரமாக நடக்கும்போது வெளிச்சம் வந்தது. தண்ணீரில் நாரைகள் நின்றன. நஸ்ரினின் குதிகாலில் கொப்புளம் எழும்பியிருந்தது. கேமராவை எப்போதோ பைக்குள் போட்டுவிட்டாள்.

"புகார் குடுக்கலையா அக்கா?"

"யார்கிட்ட குடுக்கறது? போன்லதான் குடுக்கணும். அது, 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னுது. எங்க குடிசைய இடிச்சு எங்கள இங்க கொண்டாந்து விட்டதுலேர்ந்து எவ்ளோ மனு எழுதியிருப்போம் தெரியுமா? தண்ணிக்கு எழுதினோம், லிப்டுக்கு எழுதினோம். இதுக்கும் போயி எழுதுறதுக்கு நடந்துர்றது ஈஸி மேடம்." பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். "விருதுக்கு இன்னா தருவீங்க?"

"ஒரு ஜோடி ஷூ. பாராட்டுப் பத்திரம்."

"ஷூ நல்லதுதான்."

காமாட்சி ஆஸ்பத்திரி முனையைக் கடக்கும்போது அமுலு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு ஒரே மகள், தன்ஷிகா. பத்தொன்பது வயது. தாம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பேருந்து நின்றுபோனது. மூன்று வாரம் முதல் வகுப்பைத் தவறவிட்டாள். பிறகு அவளும் நடந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வெயிலில் மேடவாக்கம் கூட்டுரோட்டில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல். வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத விடவில்லை.

"இப்ப?"

"வூட்லதான் இருக்கறா. மாடிப்படில உக்காந்து ரோட்டப் பாத்துக்கினு இருக்கறா. நானாவது நடக்கறேன், உங்க லிஸ்ட்ல பேரு வருது. நடக்க முடியாம உக்காந்துட்டவங்க பேரு எந்த லிஸ்ட்ல வரும் மேடம்?"



*

கிருபாகரன் திசையின் கணிப்புப் பிரிவுக்குத் தலைவர். ஐம்பது வயது இருக்கும். நஸ்ரின் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அமுலுவின் எண்ணைத் திரையில் போட்டார். ஒன்றரை வருடத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"அது பழுதில்ல நஸ்ரின். நாம சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

"புரியல சார்."

"நாம அதுகிட்ட என்ன கேட்டோம்? சராசரிக் காத்திருப்பைக் குறைன்னு கேட்டோம். வண்டி அதே வண்டி, ரோடு அதே ரோடு. எப்படிக் குறைக்கும்? கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கு. ரத்தான அழைப்பு கணக்குல சேராது. அப்ப நீண்ட நேரம் காத்திருக்கவேண்டிய ஆளு ரத்து பண்ணிட்டா சராசரி குறையும். யாரு ரத்து பண்ணுவாங்கன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிச்சு."

"அதே முனையில எனக்கு நாலு நிமிஷம் காட்டுச்சு."

"நீங்க பத்து நிமிஷம் லேட்டானா என்ன செய்வீங்க? விடமாட்டீங்க. நின்னு ஏறிட்டு, புகார் எழுதுவீங்க. அவங்க நடந்துட்டாங்க. ஒரு தடவை நடந்தவங்க மறுபடியும் நடப்பாங்கன்னு அது எழுதி வச்சுக்கிச்சு."

"காலி சீட்டோட வந்த வண்டி சார் அது. ஏத்திக்கிட்டா என்ன குறைஞ்சிடும்?"

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு ஏத்துனா நாளைக்குக் கூப்பிடுவாங்க. பழகிப்போயி தினமும் கூப்பிடுவாங்க. அந்த ஒரு நாளோட நிக்காதுன்னு அதுக்குத் தெரியும்."

"இப்படி எழுதினது யாரு?"

"யாரும் எழுதலைம்மா. எழுதியிருந்தா அழிச்சிடலாம்."

தன்ஷிகாவைப் போலக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்று நஸ்ரின் கேட்டாள். அவர் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கணக்கு வர இருபது நிமிடம் ஆனது. தினமும் பயணம் செய்துகொண்டிருந்து, மூன்று நீண்ட காத்திருப்புக்குப் பின் வீட்டோடு நின்றுவிட்டவர்கள் அறுபத்தோராயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கிருபாகரன் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது நஸ்ரினுக்குப் புரிந்தது.

அன்று மாலையே இருவரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லோருக்கும் சமமாக ஓட்டினால் சராசரி என்னவாகும் என்று மட்டும் கேட்டார்.

"ஏழு நிமிஷம் சார்," என்றார் கிருபாகரன்.

"ஒரு கோடிப் பேரோட காத்திருப்பை நாம ரெட்டிப்பாக்கணும். யாருக்காக? ஒரு புகார்கூடக் குடுக்காதவங்களுக்காக." இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் பேசினார். "அவங்க கூப்பிடட்டும், நான் வண்டி விடறேன். கூப்பிடாதவங்களுக்கு வண்டி விடறது எப்படி?"

விருது விழா திட்டமிட்டபடி நடக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

லிஃப்டில் இறங்கும்போது கிருபாகரன் தரையைப் பார்த்தபடி பேசினார். "ரத்து பண்ணினாத்தான் கணக்குல வராது. ரத்து பண்ணாம நின்னா, நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சராசரியில ஏறும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'காத்திருக்கிறீர்களா'ன்னு கேக்கும். ஆமான்னு சொல்லணும். அந்த முனையை விட்டு நகரக் கூடாது." கதவு திறந்ததும் அவளைப் பார்க்காமல் வெளியேறினார்.

*

நஸ்ரின் அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பெரும்பாக்கம் போனாள். அமுலுவின் வீடு எட்டாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. தன்ஷிகா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றித் தழும்பை முடியை இழுத்துவிட்டு மறைத்திருந்தாள்.

கிருபாகரன் லிஃப்டில் சொன்னதை நஸ்ரின் சொல்லக் கேட்டுவிட்டு அமுலு மகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"நிக்கணும்னா எவ்ளோ நேரம்?"

"தெரியாதுக்கா. மூணு மணி நேரம் ஆகலாம், நாலு மணி நேரம் ஆகலாம். கொஞ்சப் பேர் நின்னாப் பத்தாது. ஆயிரக்கணக்குல நிக்கணும்."

"அன்னிக்கு வேல போயிடும் மேடம். எனக்கு ஒரு நாள் போனா சமாளிப்பேன். செக்யூரிட்டி வேலை பாக்கற ஆளு ஒரு நாள் வரலன்னா அடுத்த நாள் அந்த எடத்துல வேற ஆள் நிப்பான். எங்களப் போயி நில்லுன்னு சொல்றீங்க. நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"உங்களுக்கும் வேல போயிடுமே."

"போகலாம்."

அமுலு மகளைப் பார்த்தார். தன்ஷிகா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் வீடு வீடாப் போய்ச் சொல்றேம்மா," என்றாள். ஆறு மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அமுலு பிற்பாடு நஸ்ரினிடம் சொன்னார்.

இரண்டு வாரம் தன்ஷிகா மாடி மாடியாக ஏறி இறங்கினாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர், "நின்னா வருமா?" என்று கேட்டார்கள். "வரலாம்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. வரும் என்று பொய் சொல்லக் கூடாது என்று நஸ்ரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே குடியிருப்பின் ஒவ்வொரு முனையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். நஸ்ரின் இருநூறு முந்நூறு பேரை எதிர்பார்த்திருந்தாள். நாலாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பல மாதமாக வெளியே வராதவர்கள் வந்தார்கள். முழங்காலுக்குத் துணி சுற்றிக்கட்டிய ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். தன்ஷிகா வெள்ளைச் சீருடை போட்டு, கல்லூரிப் பையை மாட்டியிருந்தாள். கல்லூரிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. ஆனாலும் தாம்பரம் என்று போனில் சொன்னாள். *ஐம்பத்திரண்டு நிமிடம். காத்திருக்கிறீர்களா?*

"ஆமாம்," என்றாள்.

நாலாயிரம் பேரும் ஆமாம் என்றார்கள்.

ஆறு மணிக்கு, வழக்கமாக நடந்து மேடவாக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டிய நேரத்தில், அமுலுவின் கால்கள் பழக்கத்தில் துடித்தன. ஏழு மணிக்கு வெயில் விழுந்தது. ஏழரைக்குக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. அவர் எடுத்து, "பஸ்ஸுக்கு நிக்கறேன் டீச்சர், வந்துடுவேன்," என்றார். அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள். அவர் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கொஞ்சப் பேர் தாங்க முடியாமல் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆமாம் என்ற சொல் தெரு முழுக்கக் கேட்டது. நஸ்ரின் சராசரிக் காத்திருப்பைத் தன் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாற்பது. மூன்று ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்கு நான்கு பதினாறு. நகரத்தின் எல்லா நிலையங்களிலும் பலகையில் அது ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகத்திலிருந்து அவளை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான்காவது தடவை குறுஞ்செய்தி வந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

ஒன்பது பத்துக்குச் சராசரி நான்கு ஐம்பதைத் தொட்டது.

ஒன்பது இருபதுக்குத் தன்ஷிகாவின் போன், *ஆறு நிமிடம்* என்றது. அவள் நம்பாமல் அம்மாவிடம் காட்டினாள். அமுலுவின் போனும் ஒலித்தது. பிறகு வரிசையாக எல்லோருடையதும். சோழிங்கநல்லூர் சாலைப் பக்கமிருந்து பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யாரும் கைதட்டவில்லை. முண்டியடிக்கவும் இல்லை. முழங்கால்காரரை முதலில் ஏற்றினார்கள். தன்ஷிகா ஏறி உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அதே பேருந்து போயிற்று. உள்ளே போக அனுமதி இல்லாததால் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மறுபடியும் கூப்பிட்டு, பேருந்திலேயே வீட்டுக்கு வந்தாள்.

*

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஒரு நாளுக்காகப் பதினேழு பேருக்கு வேலை போனது. அமுலுவுக்குப் போகவில்லை. தன்ஷிகா அந்த வருடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று கல்லூரி சொன்னது. ஜூன் மாதம் சேர்ந்தாள். நஸ்ரினை வேலையை விட்டு எடுக்கவில்லை. பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பிரிவுக்கு மாற்றினார்கள். நடை விருது விழா அந்த ஆண்டு நடக்கவில்லை.

பெரும்பாக்கத்துக்கு இப்போது ஆறு நிமிடத்தில் பேருந்து வந்தது. அமுலு ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் போதும் என்றாகிவிட்டது. முதல் வாரம் தூக்கம் வராமல் நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

ஜூலையில் ஒரு நாள் கிருபாகரன் நஸ்ரினின் கோப்பு அறைக்கு வந்தார். அவர் அங்கே வர வேண்டிய வேலை எதுவும் இல்லை.

"சராசரி மூணு நாற்பதுக்கு வந்துடுச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். எப்படின்னுதான் புரியல. வண்டி கூட்டலையே."

அவர் ஒரு தாளை மேசையில் வைத்தார். அந்த மாதம் அதிகம் நடந்தவர்களின் பெயர்கள். நஸ்ரின் படித்தாள். பெரும்பாக்கத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. முதல் முப்பது பேரும் நகரத்தின் வடக்குக் கோடியில், எண்ணூர் பக்கத்தில் இருந்தார்கள். முதலில் இருந்தவர் கண்மணி, முப்பத்தொன்பது வயது, நாளொன்றுக்கு பத்தொன்பது கிலோமீட்டர்.

"பெரும்பாக்கத்துக்கு வந்த வண்டி எல்லாம் அங்கேர்ந்து வந்ததா?"

கிருபாகரன் தலையசைத்தார்.

அன்று மாலை நஸ்ரின் அந்தத் தாளை அமுலுவிடம் காட்டினாள். அமுலுவுக்குப் படிக்க நேரம் பிடித்தது. தனக்குக் கிடைத்த பேருந்து யாரிடமிருந்து கிடைத்தது என்று புரிந்தபின் அவர் முகம் மாறியது.

"நம்மளால தானா?"

"நம்மளால மட்டும் இல்லக்கா."

"நம்ம ஏறின வண்டிதானே." தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு லீவு கேட்டா குடுப்பாங்க. திங்கக்கெழம போலாம்."

திங்கட்கிழமை முதல் மெட்ரோவைப் பிடித்து, விம்கோ நகரில் இறங்கிப் பேருந்துக்கு மாறினார்கள். இருவருக்கும் மூன்று நிமிடத்தில் வண்டி வந்தது. கடலோரச் சாலையில் அலை கற்களில் மோதிக்கொண்டிருந்தது. வானம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சாலையின் ஓரமாக ஒரு வரிசை எதிரே வந்துகொண்டிருந்தது. பைகளும் அலுமினியப் பாத்திரங்களும் தூக்கிய பெண்கள், இருபது பேருக்கு மேல். பேருந்தின் விளக்கு பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அமுலு பொத்தானை அழுத்தி வண்டியை நிறுத்தினார்.

இருவரும் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினார்கள். முன்னால் வந்த பெண்ணிடம் நஸ்ரின், "கண்மணி அக்கா இருக்காங்களா? ஒரு நிமிஷம் நின்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. யாருக்கும் நிற்க நேரமில்லை.

அமுலு நஸ்ரினின் கையைப் பிடித்துத் திருப்பினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்கள் போகும் திசையிலேயே, அவர்களுடைய வேகத்திலேயே நடக்கத் தொடங்கினார்.